நத்தார் அன்பளிப்புகளை வெட்டும் இயந்திரத்தில் செய்தல்: தமிழ் எழுத்தும் மழைக்காலக் கடதாசியும்

வாவிக்கரை (கல்லடி, மட்டக்களப்பு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கனடாவில் வசிக்கும் என் அக்கா தான் பயன்படுத்தி வந்த வீட்டுப் பாவனைக்கான வெட்டும் இயந்திரத்தை எனக்கு அனுப்பி வைத்திருக்கிறார். கணினியில் வரைந்த உருவத்தை, பசைப்பாய் ஒன்றின் மீது விரித்த மட்டையிலோ ஸ்டிக்கர் தாளிலோ சிறு கத்தியால் வெட்டித் தருகின்ற, 12 அங்குல அகலத் தாள் கொள்ளும் வகை அது. இந்த நத்தாருக்கு உறவினருக்கும் அயலவருக்கும், எங்கள் ஆலயத்து ஒளி விழாவில் பாடும் பிள்ளைகளுக்கும் கையால் செய்த பொருள்களையே கொடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் சில இடங்களில் வேலை நின்றுவிட்டது.

முதலாவது, தமிழ். இயந்திரத்தோடு வந்த மென்பொருளில் ‘பெரியம்மாவுக்கு’ என்று தட்டச்சுச் செய்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. வேறு வழியில் எழுத்தைச் சரியாகக் கொண்டுவந்தாலும், மெய்யெழுத்துகளின் புள்ளிகள் தனிப் பொட்டுகளாக வெட்டுப்பட்டுப் பாயிலேயே தங்கிவிடுகின்றன. இரண்டாவது, மட்டை. மழை தொடங்கிய பிறகு வெட்டு சுத்தமாக விழவில்லை. நட்சத்திரத்தின் முனைகள் பிய்ந்து வருகின்றன. மூன்றாவதாக, அக்கா துணியில் ஒட்டுவதற்கான வெப்ப அழுத்தி ஒன்றையும் அனுப்ப எண்ணியுள்ளார். அது இங்கு வேலை செய்யுமா? இவற்றோடு, இந்த இயந்திரத்தால் செய்யத்தக்க, எங்கள் ஊர் மனிதர் கையில் வாங்கியதும் மகிழக்கூடிய அன்பளிப்புகள் எவை என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கல்முனைக் கைவினை எழுதியது:

வணக்கம் தங்கை. அழைப்பிதழ் வேலைக்காக இதே போன்ற இயந்திரத்தைத்தான் நான் நாளும் பயன்படுத்துகிறேன்; ஆகையால் தமிழ் எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உயிர்மெய்யின் உறுப்புகளை உரிய இடத்தில் அமைக்கும் வேலையை எல்லா மென்பொருள்களும் செய்வதில்லை. எனவே வெட்டும் மென்பொருளில் தமிழைத் தட்டச்சுச் செய்யும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் தமிழ் யூனிகோட் எழுத்தைச் சரியாக அமைக்கிறது. அதில் சொல்லை எழுதி, எழுத்தை வரைகோடாக மாற்றும் கட்டளையைக் கொடுத்து, பின்னர் குழுவைப் பிரித்து, எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் கட்டளையையும் கொடுக்க வேண்டும். இந்த இணைப்பைத் தவறவிடக் கூடாது. ஓர் எழுத்தின் உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடங்களில், இணைக்காவிட்டால், கத்தி இரண்டு கோடுகளையும் தனித்தனியே வெட்டி எழுத்தையே துண்டாக்கிவிடும். வெட்டும் இயந்திர நிறுவனமான கிரிகட்டின் டிசைன் ஸ்பேஸ் மென்பொருள் இந்தக் கோப்பை எஸ்விஜி வடிவில் ஏற்றுக்கொள்ளும். இன்னொரு நிறுவனமான சில்ஹவுட்டின் மென்பொருள், சில்ஹவுட் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்போ எஸ்விஜியைத் திறக்காது. அதை வைத்திருப்பவர்கள் டிஎக்ஸ்எஃப் வடிவில் சேமித்துக் கொள்ளலாம்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மெல்லிய கோடுகள் கொண்டவை திரையில் அழகாகத் தோன்றினாலும் மட்டையில் நிற்கமாட்டா. பலூ தம்பி எழுத்துரு தடித்து, முனைகள் உருண்டு இருப்பதால் வெட்டுவதற்கு மிகவும் ஏற்றது. நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த வடிவமும் நன்றாக வரும். சற்றுச் சாய்ந்த கையெழுத்துப் போன்ற அமைப்பு வேண்டுமானால் கவிவாணர் இருக்கிறது. ஆனால் அதைப் பெரிய அளவில் மட்டுமே வெட்டுங்கள். இவை மூன்றும் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை.

இனிப் புள்ளி. ‘நத்தார் வாழ்த்துகள்’ என்ற இரண்டு சொற்களிலேயே ஐந்து புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றையும் பொறுக்கி இடம் பார்த்து ஒட்டுவது பலனற்ற பாடு. நான் செய்வது இதுதான். இணைத்த சொல்லைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியின் கோட்டைச் சில மில்லிமீற்றர் வெளியே தள்ளினால், எழுத்துகளும் புள்ளிகளும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே தளமாகிவிடும். அதைக் கடும் நிற மட்டையில் வெட்டுங்கள். மேலே ஒட்டும் வெளிர் நிற எழுத்துகளை மட்டும் தனியாக வெட்டி, புள்ளிகளை அந்தத் தளத்திலேயே வட்டத் துளைகளாக விட்டுவிடுங்கள். பின்னால் வெளிர் நிறத் தாளை ஒட்டியதும் துளை வழியே தெரியும் நிறமே புள்ளியாகிவிடுகிறது. கேக்கின் மேல் குத்தும் பெயர்ப்பலகை போன்று ஒரே துண்டாக நிற்க வேண்டியவற்றில், புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, சிறிய கழுத்து ஒன்றினால் எழுத்தோடு இணைத்துவிடலாம். வாசிப்பவர் கண்ணுக்கு அது உறுத்தாது.

எழுத்தின் உயரம் 3 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் மட்டையில் சுழிகள் தெளிவாக விழும். ஸ்டிக்கர் தாளில் அதைவிடச் சிறிதாகவும் வெட்டலாம்.

தறியோரம் (மருதமுனை) எழுதியது:

மின்சாரம் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது பாதுகாப்போடு சம்பந்தப்பட்டது. வெட்டும் இயந்திரத்தின் மின்பொருத்தியில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருந்தால், செருகியை மட்டும் மாற்றி இங்கு தாராளமாகப் பயன்படுத்தலாம். வெப்ப அழுத்தி அப்படியல்ல. கனடாவில் விற்கப்படுபவை 120 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டவை. நமது 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும், தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. அக்காவிடம் அதை அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். துணி தேய்க்கும் வீட்டு மின்னழுத்தியே போதும்.

துணிக்கு நல்ல வழி பருத்திப் பைகளே. வெப்பத்தில் ஒட்டும் வைனல் எனும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளின் பளபளப்பான பக்கத்தைப் பாயில் படும்படி கீழே வைத்து, உருவத்தை இடம் வலமாகத் திருப்பி வெட்ட வேண்டும். தமிழில் எழுதும்போது இந்தத் திருப்பத்தை மறவாமல் சரிபாருங்கள். துணியை முன்னரே துவைத்துக் காயவைத்து, மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் வைத்திருங்கள். நீராவியை முற்றாக நிறுத்தி, மின்னழுத்தியை இங்குமங்கும் தேய்க்காமல், மேலே மெல்லிய துணி விரித்து ஒரே இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான வைனல்களுக்கு 150 பாகை செல்சியசுக்குச் சற்று மேற்பட்ட சூடு தேவைப்படும். நேரத்தை வைனலின் உறையில் உள்ளபடி வைத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கைத்தறித் துணியில் ஒட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இழைகள் நெருங்கிய துணியில் வைனல் நன்றாகப் பிடிக்கும். இழை தடித்து மேடுபள்ளமாக உள்ள துணியில் சில சலவைகளில் ஓரம் கிளம்பும். அத்தகைய துணிக்கு நான் சாதாரண ஸ்டிக்கர் வைனலில் எழுத்தைத் துளையாக வெட்டி, அதைத் துணியில் ஒட்டி, துணிச் சாயத்தை ஏறத்தாழ உலர்ந்த பஞ்சினால் ஒற்றி ஒற்றிப் பூசுகிறேன். க, அ, ண போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் சிறு துண்டுகள் விழுந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். வெட்டிய வைனலை அப்படியே தூக்கி வேறிடத்தில் ஒட்ட உதவும் மாற்றும் ஒட்டுத்தாள் கொண்டு தூக்கும்போது அவையும் தத்தமது இடத்திலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். நோன்புப் பெருநாளுக்கு இவ்வாறு செய்த மேசை விரிப்புகளை எங்கள் உறவினர் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை (களுவாஞ்சிகுடி) எழுதியது:

பிள்ளைக்கு வாழ்த்துகள். மட்டை பிய்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை நமது கரையில் ஓங்கி நிற்பதும் நத்தாருக்கான வேலை நடப்பதும் ஒரே காலத்தில்தான். கடதாசி காற்றின் ஈரத்தை உறிஞ்சி நார்கள் ஊதி மென்மையாவதால், கத்தி அவற்றை அறுப்பதற்குப் பதிலாக இழுத்துச் செல்கிறது. ஆகவே மட்டையை மேசையில் திறந்து வைக்காமல், இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில், புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வருகின்ற ஈரமுறிஞ்சிப் பொதிகளோடு வைத்திருங்கள். வெட்டுவதற்குச் சற்று முன்னர் இரண்டு துணிகளுக்கு இடையில் வைத்து இளஞ்சூட்டில் அழுத்தி எடுத்தால் மட்டை மீண்டும் விறைப்பாகும். கத்தியின் முனை மழுங்கியிருந்தாலும் இதே குறை தோன்றும் என்பதால், மூலையில் ஒரு சிறு சதுரத்தை வெட்டிப் பார்த்த பிறகே முழுத் தாளையும் கொடுங்கள். வெட்டி முடிந்ததும் மட்டையைப் பாயிலிருந்து உரிக்காதீர்கள். பாயைக் கவிழ்த்து, பாயை வளைத்து மட்டையிலிருந்து கழற்றுங்கள். அப்போது மட்டை சுருளாது. பாயின் பிடி குறைந்தால் இளஞ்சூடான நீரில் சிறிது பாத்திரம் கழுவும் சவர்க்காரம் சேர்த்து மெதுவாகக் கழுவி, நிழலில் காயவிடுங்கள்.

எதைக் கொடுப்பது என்ற கேள்விக்கு என் மனதில் முதலில் வருவது கேக் பெட்டி. நத்தாருக்கு நம் வீடுகளில் ரவையும் கஜுவும் சேர்த்துச் செய்யும் கேக்கைச் சிறு துண்டுகளாக வெட்டி அயலவருக்குக் கொடுப்போம் அல்லவா? அந்தத் துண்டுக்கு அளவான பெட்டியே பிள்ளையின் இயந்திரம் மிகச் சிறப்பாகச் செய்யக்கூடிய பொருள். நீளம் 6.5, அகலம் 4, உயரம் 2.5 சென்ரிமீற்றர் என்று வைத்தால், விரித்த வடிவம், ஒட்டும் மடிப்பு 1 சென்ரிமீற்றரையும் சேர்த்து, 14க்கு 13.5 சென்ரிமீற்றர் வரும். 12 அங்குலச் சதுர மட்டையில் நான்கும் ஏ4 தாளில் இரண்டும் அடங்கும். சதுர மீற்றருக்கு 250 கிராம் எடையுள்ள மட்டை போதும். மடிப்புக் கோடு போடும் கருவி இல்லையென்றால், மை முடிந்த பேனாவால் அடிமட்டம் வைத்து அழுத்திக் கோடிட்ட பின்னர் மடியுங்கள். கேக்கின் எண்ணெய் மட்டையில் ஊறாமலிருக்க உள்ளே எண்ணெய்த்தாள் சுற்றுவது அவசியம்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கும் பனித்துளியையும் கலைமானையும் பதிவிறக்கி வெட்டுவதைவிட, நம் கண் முன்னால் உள்ளவற்றை வெட்டுவது மேல். மீன்பாடும் ஊரில் இருக்கிறீர்கள். கல்லடிப் பாலத்தின் இரும்பு வளைவுகள், தோணி, கொக்கு, கண்டல் வேர், தென்னங்கீற்று ஆகிய அனைத்தும் நிழலுருவாக அருமையாக வெட்டுப்படும். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தப் பழைய பாலத்தின் ஒழுங்கான சட்டங்கள் கத்திக்கென்றே அமைந்தவை போலிருக்கின்றன. வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் தடித்து வரைந்து, கைப்பேசியில் நேராகப் படம் எடுத்து, இன்க்ஸ்கேப்பில் படத்தைக் கோடாக்கும் கட்டளையைக் கொடுங்கள். கோட்டின் மீது புள்ளிகளாகத் தெரியும் முடிச்சுகளில் தேவையற்றவற்றைக் குறைத்தால் வெட்டு வழுவழுப்பாக வரும். பிரதர் நிறுவனத்தின் ஸ்கேன் என் கட் என்ற வெட்டும் இயந்திரத்தை வைத்திருப்பவர்களுக்கு, அதற்குள்ளேயே வருடி (ஸ்கேனர்) இருப்பதால், இந்த வேலை இன்னும் எளிது.

அவ்வாறு வரைந்ததை நான்கைந்து அடுக்குகளாகப் பிரித்து, முன்னால் கண்டல், அதன்பின் தோணி, அதன்பின் பாலம், கடைசியில் வானமும் நட்சத்திரமும் என்று ஆழமான சட்டகத்தில் இடைவெளி விட்டு ஒட்டி, பின்னால் மின்கலத்தில் எரியும் சிறு விளக்குச் சரத்தை வைத்தால், வெளிநாட்டிலிருக்கும் அக்காவுக்கு அனுப்பவும் அது தகுதியான பரிசு. முன் அடுக்கு கறுப்பாகவும், பின்னே செல்லச் செல்ல நிறம் வெளிறியும் இருக்க வேண்டும். அப்போதுதான் தூரம் தெரியும். பாடும் பிள்ளைகளுக்கு நட்சத்திர விளக்கு நல்லது; ஆனால் அதை முடித்துக் கொடுக்காதீர்கள். வெட்டிய துண்டுகளை உறையிலிட்டுக் கொடுத்து, விளக்கை அவர்களையே மடித்து ஒட்ட விடுங்கள். பைன்டர் கம் படிந்த விரல்களோடு அவர்கள் செய்து முடிக்கும் பொருளே அவர்கள் வீட்டில் தொங்கும்.

வாவிக்கரை எழுதியது:

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. துளையாகப் புள்ளி விடும் முறையில் இன்று ‘பெரியம்மாவுக்கு’ என்பதை வெட்டினேன். சொல் முழுமையாக வந்தது. வெப்ப அழுத்தியை நிறுத்துமாறு அக்காவுக்கும் எழுதிவிட்டேன். பாலத்தை வரையத் தொடங்கியிருக்கிறேன். கடைசியாக ஒன்று மட்டும்: பெரியவர்களுக்குக் கண்ணாடிப் போத்தலில் கஜுவும் மண் சட்டியில் எருமைத் தயிரும் கொடுக்க நினைக்கிறேன். இரண்டின் மீதும் வைனலில் பெயர் ஒட்டலாமா?

கல்முனைக் கைவினை எழுதியது:

போத்தலில் ஒட்டலாம், சட்டியில் வேண்டாம். சுட்ட மண் நுண்துளைகள் கொண்டது, தயிரின் ஈரமும் அதன் வழியே கசியும். எந்த வைனலும் அதில் நிலைக்காது. சட்டியின் கழுத்தில் சணல் கயிறு கட்டி, மட்டையில் வெட்டிய பெயர்ச்சீட்டைத் தொங்கவிடுங்கள். ஓலையால் மூடிக் கட்டும் வழக்கத்துக்கு அதுவே பொருத்தமாகவும் இருக்கும். போத்தலுக்கு ஒராகல் 651 போன்ற நிரந்தர வைனல் வகையைப் பயன்படுத்துங்கள். 631 எளிதில் கழற்றக்கூடியது, சுவருக்கு நல்லது. கண்ணாடியை ஸ்பிரிட்டினால் துடைத்து முற்றாக உலர்ந்த பிறகு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி ஒட்டி, ஓரிரு நாள் கழுவாமல் வையுங்கள். வாய் படும் விளிம்பிலும் உணவு படும் உட்புறத்திலும் வைனலை ஒருபோதும் ஒட்ட வேண்டாம்.