சிறு படகைத் தாக்க எது குறி தவறாது: ராக்கெட்டா, குண்டா?

அலைமேடு: 15 மீட்டர் நீளப் படகு, 40 நாட் (மணிக்கு சுமார் 74 கி.மீ.) வேகத்தில் வளைந்து வளைந்து ஓடுகிறது. வழிகாட்டி இல்லாத ஆயுதம் மட்டுமே உள்ள விமானத்துக்கு எது கைகொடுக்கும்? இரண்டாம் உலகப்போர் வரலாற்றில் இரண்டையுமே புகழ்கிறார்கள்.

வான்கோணம்: ஆயுதம் எத்தனை விநாடி காற்றில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 300 மீட்டர் உயரத்தில் மட்டமாகப் பறந்து விட்ட குண்டு கடலைத் தொட ஏறக்குறைய 8 விநாடி ஆகும். அதற்குள் உங்கள் படகு 160 மீட்டர் போய்விடும். நடுவில் சுக்கானைத் திருப்பினால் விமானி போட்ட கணக்கு வீண். 1,000 மீட்டரிலிருந்து ஏவிய ராக்கெட் இரண்டு, இரண்டரை விநாடியில் வந்துவிடும். படகு நகர்வது 50 மீட்டருக்குள்தான்.

ஆனால் ராக்கெட் சிதறும். 5 மில்லிரேடியன் விலகல் 1,000 மீட்டரில் 5 மீட்டர். 15 பாகைச் சரிவில் பாய்ந்தால் அதுவே நீர்ப்பரப்பில் முன்பின்னாக 19 மீட்டராக நீளும். பக்கவாட்டில் அவ்வளவு மோசமில்லை. அதனால் படகின் நீளவாக்கில் வந்து, ஒன்றிரண்டாக இல்லாமல் கொத்தாக ஏவுவது நல்லது. ஏவும் நொடியில் விமானம் பக்கமாகச் சறுக்கினால் ராக்கெட்டின் துடுப்புகள் அதை எதிர்க்காற்றின் பக்கம் திருப்பிவிடும். குறிக்கண்ணாடி சரியாக இருந்தும் தவறுவது பெரும்பாலும் இதனால்தான்.

நங்கூரம்: குண்டை உயரத்திலிருந்துதான் போட வேண்டும் என்பதில்லையே. 15 மீட்டர் உயரத்தில் விட்டால் விழ 1.75 விநாடிதான். 1943 மார்ச்சில் நியூ கினி அருகே பிஸ்மார்க் கடலில் அமெரிக்க பி-25 குண்டுவீச்சு விமானங்கள் இப்படித் தாழப் பறந்து, குண்டை நீரில் தத்தவிட்டுக் கப்பல்களின் பக்கவாட்டில் மோதவைத்தன. விமானம் தப்ப 4–5 விநாடித் தாமத வெடிப்பி வேண்டும். அங்கே இலக்கு உயர்ந்த பக்கச்சுவர் கொண்ட கப்பல்கள். தாழ்ந்த படகு என்றால் தத்திய குண்டு மேலே தாவிப் போய்விடலாம்.

வான்கோணம்: உண்மை. ஆனால் அருகில் விழுந்தாலே போதும் என்பது குண்டின் பலம். 227 கிலோ குண்டு சில மீட்டர் தள்ளி வெடித்தாலும் சிறு படகு தாங்காது. 70 மில்லிமீட்டர் ராக்கெட்டின் தலை 4–5 கிலோதான். அது படகிலேயே பட வேண்டும்.

அலைமேடு: இரண்டாம் உலகப்போரில் விமானத்திலிருந்து ஏவிய பிரிட்டிஷ் ராக்கெட் ஆர்பி-3 எப்படி?

நங்கூரம்: தலையைப் பொறுத்தது. 11 கிலோ கெட்டி எஃகுத் தலை நீர்மூழ்கிக்கு ஏற்றது. சற்று முன்னால் விழுந்தாலும் நீருக்கடியில் மேல்நோக்கி வளைந்து உடற்சுவரைத் துளைக்கும். 1943 மே 23-ல் ஜெர்மன் நீர்மூழ்கி யு-752 பிரிட்டிஷ் சோர்ட்ஃபிஷ் விமானத்தின் ராக்கெட்டுகளால் துளைபட்டுத்தான் மூழ்கியது. மரப் படகில் அதே தலை ஓட்டை மட்டும் போட்டுவிட்டு மறுபக்கம் வெளியேறும். அதற்கு 27 கிலோ வெடிதலையே சரி.

வான்கோணம்: ஹெலிகாப்டரிலிருந்து என்றால் நின்ற நிலையில் ஏவாதீர்கள். முன்வேகம் இல்லாதபோது துடுப்புகளுக்குப் பிடிமானம் குறைவு, சுழலியின் கீழ்க்காற்றும் ராக்கெட்டைப் புரட்டும். முன்னோக்கிப் பறந்தபடி, லேசாக மூக்கைத் தாழ்த்தி ஏவினால் சிதறல் குறையும்.