எல்லையோர ஊரில் ஒரு மெம்பர்: நாங்கள் கண்டவை

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கத்து ஊர்க்காரன் நான். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போய், காலிப்பர் மாட்டி நடக்கும் பெண்மணி ஒருவர் எங்கள் பகுதியின் பஞ்சாயத்து உறுப்பினராக இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் மெம்பர்தான்.

கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, கணவர் இறந்தபின், அறிவுசார் குறைபாடுள்ள மகனோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். பென்ஷனுக்கு விண்ணப்பித்தபோது, மகனுக்குத் தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழ் இங்கே செல்லாது என்றும், புதிதாக மெடிக்கல் போர்டுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லி அலுவலகத்தில் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறும் பையனை மறுபடி ஆஸ்பத்திரி வரிசையில் நிறுத்துவது எப்படி என்று அக்கா கலங்கினார்.

மெம்பரிடம் சொன்னோம். பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பூட்டிய ஸ்கூட்டரில் மறுநாளே அலுவலகத்துக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் நகலைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, 58-ஆம் பிரிவைப் பிரித்து வைத்து, "சார், மூன்றாவது உட்பிரிவை மட்டும் வாசித்துவிடுங்கள்" என்றார். இப்பிரிவின்படி வழங்கப்பட்ட சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்பதுதான் அங்கே இருந்தது. எழுத்தர் இரண்டு முறை வாசித்தார், உள்ளே போய்வந்தார், விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். நாங்கள் கிளம்பத் தயாரானபோது மெம்பர் அக்காவை நிறுத்தி, "ரேஷன் கார்டில் பையன் பெயரைச் சேர்த்துவிட்டீர்களா அக்கா? இல்லையென்றால் அடுத்த முறை அதைச் சொல்லித் திருப்புவார்கள்" என்றார். சேர்த்திருக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று சக்கர நாற்காலி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் தலைவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்து எந்தக் கதவு சாத்தப்படும் என்று முன்கூட்டியே அறிந்தவரை அப்போதுதான் பார்த்தேன்.

*

நான் வேறொருவர், பக்கத்து எருத்தேன்பதியிலிருந்து எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான தனிக் கிராமசபையை மாடியில் கூட்ட ஏற்பாடு செய்திருந்ததை இதே மெம்பர் மறுத்து, கீழ்த்தளத்துக்கு மாற்றிய பிறகே வந்து அமர்ந்தார். அன்று அவர் சாதன் குப்தாவைப் பற்றிப் பேசியது நினைவிருக்கிறது. சிறுவயதில் பெரியம்மையால் பார்வை இழந்த அந்தக் கம்யூனிஸ்ட் வழக்கறிஞர், 1953-இல் கல்கத்தா இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குப் போனவர். பிற்பாடு மேற்கு வங்கத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் இருந்தார்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளுக்கு மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025-இல் சட்டம் வந்தபோது, கிராம ஊராட்சிகளில் மட்டும் ஏறத்தாழ 13 ஆயிரம் பேருக்கு இடம் கிடைக்கும் என்று கேட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்து நண்பர்கள் மகிழ்ந்தார்கள். ஓட்டு வாங்கி வருவதற்கு நியமனம் ஈடாகாது என்பது என் எண்ணம். மெம்பர் அதை ஏற்கவில்லை, முதலில் உள்ளே போகட்டும் என்றார். விண்ணப்பிக்க யோசனை கேட்டு வந்த பொள்ளாச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நாற்காலி கிடைத்ததும் நன்றி சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடாதே தம்பி. கூட்டப் பொருளை முன்கூட்டியே கையில் தரச் சொல். படித்துவிட்டுப் போ."