புதுப்பிப்பு: தம்பியை இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் சேர்க்கிறோம்

வருடம் ஒரு லட்சம் கல்விக்கடன் வாங்கித் தம்பியை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா என்று போன மாதம் தக்கலையிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சேர்க்கிறோம்.

படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை என்றாலும், வட்டி பணம் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்தால்கூட, நாலு வருடமாக வாங்கும் 4 லட்சத்துக்கு ஐந்தாம் வருட முடிவில் 1.4 லட்சம் வட்டி சேர்ந்துவிடும். அதனால் வட்டியை மட்டும் இப்போதிருந்தே மாதாமாதம் நான் கட்டப்போகிறேன். குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவன் என்பதால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் விண்ணப்பித்தாயிற்று. அதனால் வரும் கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும், நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது.

வேலைக்கு ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று போகத்தான் வேண்டும். வாடகை போக முதல் சம்பளத்தில் பெரிதாக மிஞ்சாது. அந்தப் பயம் இன்னும் இருக்கிறது.

ஆனால் கருங்கல் பக்கம் சித்தி வேலை பார்க்கும் அண்டி ஆபீஸுக்கு (முந்திரிப் பருப்பு ஆலை) போய்வந்த தம்பி, "தோல் உரிக்கிற இடத்தில பருப்பு குவிஞ்சு கிடக்கு, தரம் பிரிக்கிறவங்க சும்மா காத்திருக்காங்க, ரெண்டு பேரை அங்க மாத்தினா போதும்" என்றான். வேலை எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சரிசெய்வது, அந்தப் படிப்பே இதுதானே! மெக்கானிக்கல் எடு என்று சொல்ல அப்புறம் எனக்கு மனசு வரவில்லை.