அம்மாவுக்கு அல்சைமரா? ஸ்கேன் நார்மல் என்கிறார்கள்

கேள்வி (திண்டுக்கல் மகள்):
அம்மாவுக்கு 67 வயது. முப்பது வருஷமாகத் தெருவில் சீட்டு நடத்துகிறார். இருபது பேர், மாதாமாதம் ஏலம், கழிவு எல்லாம் விரல்நுனியில் இருக்கும். நாலு மாசமாக நோட்டில் தடுமாற்றம். ஒரே ஆள் கட்டிய பணத்தை மூன்று இடத்தில் வரவு வைத்திருக்கிறார். கழிவைப் பிரிக்கச் சொன்னால் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் கோபம், அப்புறம் அழுகை.

பக்கத்து டாக்டர் "வயசானா வர்ற மறதிதான்" என்றார். சி.டி. ஸ்கேன் நார்மல். அப்படியானால் அல்சைமர் இல்லை என்று நம்பலாமா? எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும் என்கிறார் அண்ணன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்):
தங்கச்சி, நரம்பியல் வார்டில் பல வருஷம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்து, பிறகு ஞாபகம் வருவது வயசு. முப்பது வருஷம் செய்த கணக்கின் வழியே தெரியாமல் போவது வேறு. நரம்பியல் டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

நார்மல் ஸ்கேனை மட்டும் நம்பாதீர்கள். அமிலாய்டு, டாவ் என்ற புரதங்கள் மூளையில் படிவது அறிகுறி தெரிவதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்பே தொடங்கிவிடும். சி.டி.யில் அது தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் ஹிப்போகேம்பஸ் என்ற, ஞாபகத்துக்கான மூளைப் பகுதி சுருங்கியிருப்பது தெரியலாம், ஆரம்பத்தில் அதுவும் சரியாகவே இருக்கலாம். அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேன், முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனை எல்லாம் உண்டு. செலவு அதிகம், எல்லோருக்கும் தேவைப்படாது.

முதலில் ரத்தப் பரிசோதனை: பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை. சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். தூக்க மாத்திரை, சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் சில மாத்திரைகளும் மறதியைக் கொண்டுவரும். மனச்சோர்வும் அப்படித்தான். இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை.

அடுத்து 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை வைப்பார்கள். மூன்று சொல்லைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். கடிகாரம் வரையச் சொல்வதும் உண்டு. அம்மா எத்தனையாவது வரை படித்தார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மதிப்பெண்ணை அதற்கேற்பத்தான் பார்க்க வேண்டும். அம்மா திணறும்போது நீங்கள் பதில் எடுத்துக்கொடுக்காதீர்கள். கண்ணில் தண்ணீர் வரும், இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டு நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

பதில் 2 (தேனிக்காரன்):
அக்கா, அம்மா அண்மையில் எங்காவது வழுக்கி விழுந்தாரா? எங்கள் அப்பா மூன்றே வாரத்தில் குழம்பிப்போனார், நடையும் தள்ளாடியது. பயந்தே போனோம். முன்பு குளியலறையில் விழுந்ததில் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு தெளிந்துவிட்டார். சட்டென்று வந்ததா, மெல்ல வந்ததா என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

திண்டுக்கல் மகள்:
அம்மா எங்கும் விழவில்லை தம்பி. போய்வந்தோம். பி12 குறைவு, ஊசி தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கடிகாரத்தில் பன்னிரண்டு எண்களும் வலது பாதியிலேயே நெருக்கிக்கொண்டு நின்றன. பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொன்னதும் ஒரு முள்ளை 11இலும் மற்றதை 10இலும் வைத்தார். "சரியாடி?" என்று என் முகத்தைப் பார்த்தார். அக்கா சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. எம்.ஆர்.ஐ. அடுத்த வாரம். மூன்று மாதம் கழித்து அதே சோதனையை மறுபடி வைப்பார்களாம்.

டாக்டர் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பின்னுக்குப் புரட்டிக்கொண்டே போனார். நாலு மாசம் என்றுதானே எழுதியிருந்தேன்? முதல் இரட்டை வரவு போன வருஷம் ஆடி மாசப் பக்கத்தில் இருக்கிறது.