மாறுகண் வகைகள்: 'உள்நோக்கு' வேண்டாம், 'உள்திரும்பல்' போதும்

வணக்கம்.

ஏற்காடு மலைக் கிராமப் பள்ளிகளில் பெற்றோருக்குக் கொடுக்கும் கண் பரிசோதனைத் தாளுக்காக இந்தச் சொற்கள். 'மாறுகண்' அப்படியே இருக்கட்டும். சேலத்திலும் மலையிலும் எல்லோருக்கும் புரிகிறது. 'ஒன்றரைக்கண்' வசவு, தாளில் வரவே கூடாது. ஆளைச் சொல்லும்போது 'மாறுகண் உள்ளவர்'.

சிக்கல் வகைப் பெயர்களில்தான். விழி மூக்குப் பக்கம் போவதை 'உள்நோக்கு மாறுகண்' என்றால் 'உள்நோக்கம்' குறுக்கே வந்து நிற்கிறது. 'உட்குவி' இன்னும் மோசம். இந்தக் குழந்தைகளில் பலருக்குத் தூரப்பார்வை இருக்கும், குவிலென்ஸ் எழுதுவார்கள். ஒரே சீட்டில் 'குவி' இரண்டு பொருளில் வரும். உள்திரும்பல், வெளித்திரும்பல், மேல்திரும்பல், கீழ்த்திரும்பல் என்று வைக்கலாம். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் அது விலகினால் 'மறைதிரும்பல்'.

மூக்குத்தண்டு அகலமான குழந்தைக்கு விழி உள்ளே போனதுபோலத் தெரிவது 'போலி மாறுகண்'. டார்ச்சை முகத்துக்கு நேராக ஏறக்குறைய 33 செ.மீ. தள்ளிப் பிடித்து அதையே பார்க்கச் சொன்னால், இரு பாவைகளிலும் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழும். உண்மையான உள்திரும்பலில் திரும்பிய கண்ணின் புள்ளி காதுப் பக்கம் தள்ளிப் போகும், 1 மி.மீ. தள்ளினால் சுமார் 7 டிகிரி. மறைதிரும்பல் இதில் சிக்காது, கண்ணை மூடித் திறந்துதான் பார்க்க வேண்டும்.

திரும்பிய கண்ணில் பார்வை குறைந்துபோவதை 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். அதற்கு 'வளராப் பார்வை' சரிவருமா?

*

வணக்கம் ஐயா.

'திரும்பல்' வரிசை முழுவதும் சம்மதம். 'வளராப் பார்வை' வேண்டாம். ஈறுகெட்ட எதிர்மறை முக்காலத்துக்கும் பொருந்தும்; இனியும் வளராது என்றே தாய் படிப்பார். 'பின்தங்கிய பார்வை' என்போம். 'சோம்பேறி' என்றால் பிள்ளைக்குத்தான் திட்டு விழுகிறது. கண்மேல் குற்றமில்லை, இரட்டையாகத் தெரியாமலிருக்க மூளை திரும்பிய கண்ணின் படத்தைத் தள்ளிவிடுகிறது.

இன்னொரு சொல்லும் வேண்டும், பின்தங்கிய கண்ணைப் பழக்க நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மூடுவதற்கு. 'கண்ணுக்கு ஒட்டு' என்று மட்டும் எழுதினால் பலர் திரும்பிய கண்ணிலேயே ஒட்டிவிடுகிறார்கள். 'நல்லகண் மூடல்' என்றே அச்சிடுங்கள். பார்வை நடுத்தரமாகக் குறைந்திருந்தால் நாளுக்கு 2 மணி நேரம் வழக்கம், கூடுதலானால் 6. டாக்டர்தான் முடிவு செய்வார். ஒட்டைத் தோலில் ஒட்டி, அதன்மேல் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடியில் ஒட்டினால் பிள்ளை ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுவதால் போகும் ஆண்டுகள் பெரிய இழப்பு. பிறந்து நான்கு மாதத்துக்குப் பிறகும் விழி திரும்பினால் உடனே காட்டச் சொல்லி முதல் வரியிலேயே போடுங்கள்.