பி.டி. பீரியட்ல பொம்பளப் பிள்ளைங்கன்னா ஓரமா நிக்கணுமா? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

மூணாம்கிளாஸ் அம்மா:
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. பொண்ணு அப்ப மூணாவது. ஸ்போர்ட்ஸ் டே, வழக்கம்போல பசங்களுக்கு 100 மீட்டர், பொண்ணுங்களுக்கு 50, அப்புறம் ஊசியில நூல் கோக்குறது. 50ல ரெண்டு டீச்சர் கயிறு புடிச்சு நிக்குறாங்க. இவதான் முதல்ல வந்தா, ஆனா நிக்கல, கயித்துக்கு அடியில குனிஞ்சு பூந்து அப்படியே 100 மீட்டர் கோடு வரைக்கும் ஓடிட்டா. எல்லாரும் சிரிக்குறாங்க. கயித்தத் தொடலையாம், மைக்குல டிஸ்குவாலிஃபைடுன்னுட்டாங்க. மூச்சு வாங்க ஓடி வந்து "நான்தானம்மா ஃபர்ஸ்ட்டு, கோடு அங்கதான போட்டிருக்கு"ங்குறா. பக்கத்துல மத்த அம்மாங்க பாக்குறாங்களேன்னு நான் "சார் சொன்னா கேக்க மாட்டியா"ன்னு அவளத்தான் திட்டுனேன். ஸ்கூல் மேல கோவம் வந்ததெல்லாம் அப்புறம்தான்.

கம்மாக்கரை:
உங்களுக்காவது 50 மீட்டர். எங்க ஒன்றியப் பள்ளிக்கூடத்துல 94, 95 வாக்குல வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்னா பசங்களுக்குப் பந்து, எங்களுக்குத் தொடப்பம். ஒரு நாள் வராண்டா கூட்டிட்டு இருக்கேன், பந்து உருண்டு என் காலுகிட்ட வந்து நிக்குது, "ஏ எடுத்துப் போடு"ன்னு கத்துறானுங்க. என்ன நெனச்சேனோ தெரியல, தொடப்பக்கட்டையாலயே ஓங்கி ஒரு அடி. பந்து செவுத்தத் தாண்டி சீமைக்கருவேலங்காட்டுக்குள்ள போயிருச்சு. முள்ளுல குத்தி புஸ்ஸுன்னு போச்சு. அந்த வருஷம் பூரா ஸ்கூலுக்கே பந்து இல்ல. பாவம் பண்ணிட்டோமோன்னு இப்பவும் தோணும், சிரிப்பும் வரும்.

சும்மா சொல்றேன்:
தப்பா எடுத்துக்காதீங்க, உடம்பு அமைப்பே வேற. கலந்து விட்டா பொண்ணுங்களுக்குத்தான் அடி படும். என் அக்கா பொண்ணு பசங்களோட கோ கோ ஆடி முன்பல்லு போச்சு.

பழைய விசில்:
நான் உடற்கல்வி ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன். முதல் சிஸ்டர் சொன்னது வருத்தமா இருக்கு, ஆனா எல்லாத்தையும் பி.டி. சார் தலையில கட்டாதீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே ஆறுல இருந்து எட்டு வரைக்கும்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல இருந்தாத்தான் உடற்கல்விக்குப் பகுதி நேர ஆளு. அஞ்சாவது வரைக்கும் கணக்கு டீச்சர்தான் விசில் ஊதணும். என் கதைய சொல்றதுன்னா, ஒரே பந்து இருந்துச்சு, கேக்கக்கூடத் தோணாம வருஷக்கணக்குல பசங்ககிட்டயே குடுத்தேன். சரி அத விடுங்க. டீச்சருங்க யாராவது படிச்சா கேட்டுக்கங்க, டீம் பிரிக்கும்போது பசங்க பொண்ணுங்கன்னு பிரிக்காம வரிசையா நிக்க வச்சு ஒண்ணு ரெண்டு சொல்ல வைங்க, ஒண்ணெல்லாம் இந்தப் பக்கம் ரெண்டெல்லாம் அந்தப் பக்கம், ரிங் பொண்ணுங்களுக்கு பந்து பசங்களுக்குன்னு வேணாம், நொண்டி கிளித்தட்டு கோ கோ எல்லாம் கலந்தே ஆடலாம், ஒரு பந்துக்கு முப்பது பேர விட்டா முரட்டுப் பய நாலு பேருதான் ஆடுவான், பழைய துணியில நாலஞ்சு பந்து கட்டிக் குடுங்க, லீடரா வாரத்துக்கு ஒரு ஆளப் போடுங்க, தோத்தவங்கள வெளிய உக்கார வைக்காதீங்க, வெயில் நேரம் வேணாம், தண்ணி முக்கியம்.

நைட் ட்யூட்டி நர்ஸ்:
சும்மா சொல்றேன் அண்ணே, சும்மாவே சொல்லாதீங்க. எட்டு ஒம்போது வயசுல ஓட்டத்துலயும் பலத்துலயும் பெரிய வித்தியாசமெல்லாம் இல்ல, வயசுக்கு வந்தப்புறம்தான் அது. பல்லு பசங்களுக்கும் போகும். கபடிய விடவா அடி படப்போகுது? சென்னை கண்ணகி நகர்ப் பொண்ணு கார்த்திகா 2025ல ஆசிய இளையோர் போட்டியில அதுலதான தங்கம் வாங்கிட்டு வந்துச்சு. எனக்குத் தடையா இருந்தது பாவாடைதான். நாலாவதுல உயரம் தாண்டுறப்ப குச்சியில பாவாடை மாட்டி விழுந்தேன், முட்டி சிராய்ச்சது மறந்துபோச்சு, ரெண்டு கையாலயும் பாவாடையப் புடிச்சுக்கிட்டே கெடந்தேன்ல, அது மறக்கல. எர்ணாகுளம் பக்கம் வளையஞ்சிரங்கரை அரசு ஆரம்பப் பள்ளியில 2018லயே பசங்க பொண்ணுங்கன்னு பிரிக்காம முட்டி வரைக்கும் ஷார்ட்ஸ், சட்டைன்னு கொண்டு வந்துட்டாங்க.

கோலாட்டம் சேகர்:
பசங்க பக்கமும் ஒண்ணு இருக்கு. நாலாவது, ஆண்டு விழா. கோலாட்டத்துக்கு ஒரு பொண்ணு அம்மை போட்டு வரல, ஜோடி குறையுதுன்னு என்னைச் சேத்துக்கிட்டாங்க. ரெண்டு வாரமா வேடிக்கை பாத்தே கத்துக்கிட்டிருந்தேன், ஒரு அடி தப்பல. மேடையில சுத்தி வர்றப்ப கீழ பாத்தேன், மூணாவது வரிசையில இருந்து எங்கப்பா துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுப் போறாரு. வீட்ல ஒரு வார்த்தை கேக்கல. திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன்.

சும்மா சொல்றேன்:
நர்ஸ் மேடம், பல்லு கட்ட எவ்ளோ ஆச்சு தெரியுமா உங்களுக்கு?

மூணாம்கிளாஸ் அம்மா:
விசில் சார், சார் மேல நான் எங்க பழி போட்டேன், நான் திட்டுனதத்தான் சொன்னேன். இப்ப அஞ்சாவது அவ. போன வாரம் ஸ்போர்ட்ஸ் டே சர்க்குலர் வந்துச்சு, மறுபடியும் அதே 50தான். பெற்றோர் கையெழுத்து கேட்டிருக்காங்க. இன்னும் போடல, அவ பேக்லயே கெடக்கு.