தடைக்காலத்தில் மீன் விலை: கொள்ளையா, கணக்கா?

வண்ணை பாலு:
தடைக்காலம் வந்தால் போதும், வஞ்சிரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. சங்கராகூட மாதக் கடைசியில் தொடமுடிகிற விலையில் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, சரி. அதற்காகச் சென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீனே இல்லையா? கேரளாவிலிருந்து லாரியில் வருகிறது. ஃபைபர் படகுக்காரர்கள் கரையோரம் போய்வருகிறார்கள், அவர்களுக்குத் தடையும் கிடையாது. ஃபைபர் படகில் போய்ப் பிடிக்கிற செலவு போன மாதம் என்னவோ அதேதான் இந்த மாதமும். அப்புறம் விலை மட்டும் எதற்கு ஏறுகிறது? கேட்டால் 'டிமாண்டு சப்ளை' என்று ஒரு பாட்டு. ஆவின் பாலுக்கு விலை வைக்கவில்லையா? மீனுக்கும் இந்த 61 நாளைக்கு, இதற்கு மேல் விற்கக்கூடாது என்று அரசு உச்சவிலை வைக்கட்டும். இதுதான் என் கட்சி.

கல்மண்டபத்தார்:
மறுக்கிறேன் பாலு அண்ணே. செலவிலிருந்துதான் விலை பிறக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். படகு கரைக்கு வந்த பிறகு டீசல், ஐஸ், ஆள்கூலி எல்லாம் போன பணம். ஏலத்தில் நிற்பவர் அதைக் கேட்கப்போவதில்லை. மீன்பாடு அதிகமான நாளில் டீசல் காசுகூடத் தேறாமல் ஏலம் போகிறதே, அன்று 'படகுக்காரருக்கு நஷ்டம், கூட்டிக் கொடுப்போம்' என்று நாம் யாராவது பதிவு போட்டோமா?

பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் இதை விளக்க மீன்பிடித் தொழிலையேதான் எடுத்துக்கொண்டார். ஒரு நாளுக்குள் விலையை ஆட்டுவது காற்றும் கடலும். கரைக்கு வந்த மீன் வந்ததுதான், விலை எவ்வளவு ஏறினாலும் அன்றைக்கு ஒரு மீன் கூடாது. இது முதல் கணக்கு. கால்நடைக்கு நோய் வந்து ஓரிரு வருடம் ஜனங்கள் மீன் பக்கம் திரும்பினால், ஒதுக்கிவைத்த படகையும் வேறு வேலைக்குப் போன ஆட்களையும் கடலுக்கு இழுத்துவரும் அளவுக்கு விலை ஏறியாகவேண்டும். இது இரண்டாவது. ஒரு தலைமுறைக்குப் பார்த்தால்தான் படகு கட்டும் செலவும் ஆள் பழக்கும் செலவும் விலையை முடிவுசெய்யும். நீங்கள் மூன்றாவது கணக்கைக் கொண்டுவந்து முதல் கணக்கில் போடுகிறீர்கள்.

தடைக்காலத்தையும் புரட்டாசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் விற்பனையாகும் மீன் குறைவு. ஒன்றில் வரத்து குறைந்து விலை ஏறுகிறது. இன்னொன்றில் வாங்கும் ஆள் குறைந்து விலை இறங்குகிறது. ஏப்ரலில் பேராசை பிடித்த வியாபாரி செப்டம்பர் கடைசியில் தர்மவான் ஆகிவிடுகிறாரா?

டோல்கேட் டீ:
புரட்டாசியில் விலை இறங்கும் என்று எங்கள் தெருவே கிளம்பி வருகிறது தலைவா. கூட்டத்தைப் பார்த்ததும் விலை மறுபடி ஏறிவிடுகிறது. இதற்கு மார்ஷல் என்ன சொன்னார்?

கல்மண்டபத்தார்:
கொஞ்சம் ஏறும், பழைய இடத்துக்குப் போகாது. விலை இறங்கியதால் நீங்கள் கூடுதலாக ஒரு கிலோ வாங்குவது ஒன்று. பெருமாளுக்காக முப்பது நாள் மீன் பக்கமே வராதவர்கள் விலகுவது வேறு.

எர்ணாவூர் தோழர்:
கல்மண்டபத்தாரின் பாடத்தில் பசிக்கு இடமில்லை, பர்ஸுக்குத்தான் இடம். வாரம் ஒருநாள் சங்கரா சாப்பிட்டவர் தடைக்காலத்தில் முட்டைக்கு இறங்குகிறார். அடுக்குமாடியில் இருப்பவர் ஃப்ரிட்ஜை நிரப்புகிறார். சந்தை இதை 'யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்குப் போனது' என்று எழுதிக்கொள்கிறது. அதிகம் வேண்டியவருக்கா போனது? அதிகம் கொடுக்க முடிந்தவருக்குப் போனது. ஏற்றத்தாழ்வு இருக்கிற ஊரில் இரண்டும் ஒன்றல்ல.

அப்புறம் அந்த 'செலவு' என்பதே முழுச் செலவா? 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. அடுத்த சில வாரம் காசிமேட்டில் மீன் வாங்க ஆள் வரத் தயங்கினார்கள். அந்தக் கப்பல்களில் போன சரக்கின் விலையில் இந்த நஷ்டம் ஏறியிருந்ததா? வாங்கியவரும் விற்றவரும் லாபம் பார்த்தார்கள், இடையில் சம்பந்தமே இல்லாத கூடைக்காரி நஷ்டப்பட்டார். பாடத்தில் இது பின்னால் ஒரு அத்தியாயம். எங்களுக்கு இதுதான் முதல் அத்தியாயம்.

கல்மண்டபத்தார்:
எண்ணெய் விஷயத்தில் உங்களோடு சண்டையே இல்லை தோழர். விலையில் ஏறாத கேட்டை வரியாலோ அபராதத்தாலோ ஏற்றவேண்டும் என்று ஆர்தர் பிகு என்ற பொருளியலாளர் 1920-லேயே எழுதிவிட்டார். ஆனால் அதை வைத்து மீனுக்கு உச்சவிலை கேட்கமுடியாது. ஏழைக்கு எட்டவில்லை என்றால் ஏழையின் கையில் காசைக் கொடுங்கள், விலையை உடைக்காதீர்கள்.

காசிமேட்டு மருமகள்:
ஆளுக்கொரு வரைபடம் போடுகிறீர்கள், ஏலம் நடக்கிற இடத்தில் நின்றவர் யாரையும் காணோம். என் மாமியார் காசிமேட்டில் எடுத்துத் தண்டையார்பேட்டையில் விற்கிறார். நடப்பதைச் சொல்கிறேன்.

விடிவதற்கு முன்னால் ஏலம். மீனைக் குவியலாகவோ கூடையோடோ வைப்பார்கள். எடை கிடையாது, கண்ணால் அளந்துதான் கேட்கவேண்டும். மேலே பெரிய மீன் இருக்கும், அடியில் என்ன இருக்கும் என்பது எடுத்தவருக்குத்தான் தெரியும். பெரிய குவியலைத் தனியாக எடுக்க முதல் போதாது. நாலு பெண்கள் சேர்ந்து ஒருத்தியைக் கேட்கவிட்டு, எடுத்த பிறகு ஓரமாக உட்கார்ந்து பிரித்துக்கொள்வார்கள். ஹோட்டலுக்கு எடுக்கிறவர் வஞ்சிரத்துக்குக் குரல் கொடுத்துவிட்டால் நாங்கள் விலகிவிடுவோம். அவருக்கு மெனு கார்டில் வஞ்சிரம் அச்சாகிவிட்டது, என்ன விலையானாலும் எடுத்தாகவேண்டும். சங்கரா அப்படி இல்லை. கொஞ்சம் ஏற்றிச் சொன்னாலும் வாடிக்கை கோழிக்கடைக்குப் போய்விடும். தடைக்காலத்தில் வஞ்சிரம் எகிறுகிற அளவுக்கு மற்ற மீன் எகிறாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

காலை எட்டு மணிக்கு மாமியார் கறாராகச் சொல்கிற விலை பதினோரு மணிக்கு மேல் நிற்காது. எடை போட்டு விற்றதைக் கூறு கட்ட ஆரம்பிப்பார். இன்னும் கொஞ்சம் ஐஸ் வாங்கி மாலைவரை வைத்தால் ஐஸ் காசுக்கு மேல் கிடைக்குமா, இல்லை இப்போதே தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவதா, அவ்வளவுதான் யோசனை. ஏலத்தில் கொடுத்த பணத்தை அந்த நேரத்தில் அவர் கணக்கில் எடுப்பதே இல்லை. கல்மண்டபத்தார் சொன்ன 'போன பணம்' பாடம் படிக்காமலே தெரிகிறது. கூறுக்கென்றே பதினோரு மணிக்குப் பையோடு வருகிற வாடிக்கையும் உண்டு. தோழர் சொல்கிற முட்டைக்கு இறங்குகிற ஆட்களில் பாதிப்பேர் அந்த நேரத்தில் அங்கேதான் நிற்பார்கள்.

ஆனால் ஏலம் என்றதும் யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் விற்கலாம் என்று நினைக்கவேண்டாம். இன்ஜின் மாற்ற, வலை வாங்க, தடைக்காலத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ள படகுக்காரருக்கு முன்பணம் கொடுப்பது பெரும்பாலும் ஏலக்காரர்தான். வட்டி கேட்கமாட்டார். பதிலுக்கு அந்தப் படகின் மீன் அவர் கையால்தான் ஏலம் போகவேண்டும், ஒவ்வொரு தடவையும் கமிஷன் கழியும். கடன் அடைகிறவரை வேறு ஆளிடம் நகரமுடியாது. கடன் அடைவதற்குள் அடுத்த தடைக்காலம் வந்துவிடும்.

எர்ணாவூர் தோழர்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். விற்க ஒரே வாசல் என்றால் வாசலில் நிற்பவர் வைத்ததே விலை. விற்பவர் ஏகபோகம் மாதிரியே வாங்குபவர் ஏகபோகமும் உண்டு என்று பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-இல் எழுதினார். பாடத்தின் முதல் பக்கத்தில் வருகிற 'எண்ணற்ற வாங்குவோர், எண்ணற்ற விற்போர்' காசிமேட்டில் எங்கே?

கல்மண்டபத்தார்:
மருமகள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அது சந்தை அதிகமானதால் வந்த நோயா, குறைந்ததால் வந்த நோயா? வட கேரளாவில் 1997-லிருந்து செல்போன் கோபுரம் வந்ததும் மத்திச் சந்தையில் நடந்ததை ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். போன் வருவதற்கு முன்னால் ஒருநாள் வடகரையில் 11 பேர் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டினார்கள். அதே நாளில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த கரைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றார்கள். போன் வந்ததும் கடலிலிருந்தே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. யாரும் உச்சவிலை வைக்கவில்லை.

எர்ணாவூர் தோழர்:
அந்தப் படகுகள் கரையை மாற்றிக்கொள்ள முடிந்தது. முன்பணம் வாங்கிய படகு எந்தக் கரைக்குத் திரும்பும்? போனில் நல்ல விலை கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடலாம். இன்னொன்று. நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையை கேத்ரின் கிராடி ஆராய்ந்தார், 1995-இல் வெளிவந்தது. ஒரே கூரை, பக்கத்துப் பக்கத்தில் வியாபாரிகள். அங்கேயே ஒரே மீனுக்கு ஆசிய வாங்குவோரிடம் ஒரு விலை, வெள்ளையரிடம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல். போட்டி நிறைந்த சந்தையில் ஒரே பொருளுக்கு ஒரே விலை என்பது அங்கேயே நிற்கவில்லை.

கல்மண்டபத்தார்:
ஆசிய வாங்குவோர் விலை ஏறினால் எடுக்காமல் போய்விடுவார்கள், அவர்கள் விற்பது ஏழைகள் வாழும் பகுதியில். இதைத்தான் மருமகள் ஹோட்டல்காரர், சங்கரா வாடிக்கை என்று சொன்னார். பாடம் அங்கே உடையவில்லை, வேலைசெய்கிறது.

வண்ணை பாலு:
நியூயார்க் போய்விட்டீர்கள், வண்ணாரப்பேட்டைக்கு வாருங்கள். 2013-இல் அம்மா உணவகம் திறந்து இட்லி ஒரு ரூபாய் என்றார்கள். பொருளாதாரம் இடிந்தா விழுந்தது? ரேஷனில் அரிசி இலவசம். மீனுக்கு மட்டும் விலை வைத்தால் வானம் விழுந்துவிடுமா?

கல்மண்டபத்தார்:
அண்ணே, ஒரு ரூபாய் இட்லி உச்சவிலை இல்லை. இட்லிக்கு ஆன செலவில் அந்த ஒரு ரூபாய் போக மிச்சத்தை அரசுப் பணம் கட்டியது. உச்சவிலை என்றால் அந்த மிச்சத்தை வியாபாரியே கட்டு என்று சொல்வது. அவர் ஏன் கட்டுவார்? கேரளாவிலிருந்து கிளம்புகிற லாரி பெங்களூருக்குத் திரும்பும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1960-இல் வந்தது. ஜார்ஜ் டவுனில் பழைய கட்டடங்கள் சுவர் பெயர்ந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். வாடகை ஏறாத வீட்டுக்கு யார் பூச்சு வேலை பார்ப்பார்? ஜூன் முதல் இரண்டு வாரத்தை யோசியுங்கள். ஜூன் முற்பகுதியிலேயே மேற்குக் கரையிலும் தடை தொடங்கும், இங்கே 14 வரை முடியாது. அந்த நாட்களில் லாரிகூட அருமை. அப்போது உச்சவிலை வைத்தால் பலகையில் விலை இருக்கும், பெட்டியில் மீன் இருக்காது. இருக்கிற மீனும் தெரிந்தவருக்கு மறைவில் போகும்.

டோல்கேட் டீ:
தெரிந்தவர் என்றால் நான்தான். உச்சவிலைக்கு என் ஆதரவு.

காசிமேட்டு மருமகள்:
விலை ஏறினால் விற்கிறவளுக்குக் கொண்டாட்டம் என்று பாலு அண்ணன் நினைக்கிறார். ஏலத்தில் எடுக்கிற விலையும்தானே ஏறுகிறது? அதே அன்னக்கூடையை நிரப்ப இரண்டு மடங்கு முதல் வேண்டும். அது தண்டல் பணம். விடியலில் வாங்கி அன்றைக்கே வட்டியோடு திருப்பவேண்டும். கூறுக்குத் தள்ளுகிற நாளில் மீன் இல்லாத மாதத்தில்தான் நஷ்டம் பெரிது, மீன் மலிந்த மாதத்தில் இல்லை. உச்சவிலை வைத்தால் எங்கள் கடைக்குத்தான் அதிகாரி வருவார், விடியற்காலை ஏலத்துக்கு வரமாட்டார். நடுவில் நசுங்குவது நாங்கள். விலையை விட்டுவிடுங்கள். தண்டலுக்குப் பதில் காலையில் எடுத்து மாலையில் கட்டுகிற குறைந்த வட்டிக் கடனுக்கு வழி செய்தால் அந்த வட்டி உங்கள் மீன் விலையிலிருந்தும் இறங்கும்.

எர்ணாவூர் தோழர்:
அதையே ஒரு படி மேலே கொண்டுபோகவேண்டும். படகுக்காரருக்குக் கூட்டுறவுச் சங்கம் முன்பணம் கொடுக்கட்டும். அப்போதுதான் ஏலக்காரர் பிடி தளரும்.

கல்மண்டபத்தார்:
இரண்டுக்கும் என் ஓட்டு. கடனுக்கும் போட்டி வேண்டும், சங்கமே அடுத்த ஒரே வாசலாகிவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

வண்ணை பாலு:
எல்லோரும் சேர்ந்துகொண்டீர்கள். சரி, வஞ்சிரத்தை ஹோட்டல்காரர் வைத்துக்கொள்ளட்டும். மத்திக்கும் நெத்திலிக்கும் மட்டும் உச்சவிலை வையுங்கள். அது ஏழையின் மீன்.

கல்மண்டபத்தார்:
மத்திக்கு இங்கே விலையை அமுக்கினால் தீவனத்துக்கு மீன்தூள் அரைக்கிற ஆலைக்குப் போய்விடும் அண்ணே.

டோல்கேட் டீ:
அப்போ ஆலை வாங்குகிற மத்திக்கும் உச்சவிலை.

கல்மண்டபத்தார்:
அப்புறம் ஐஸுக்கு, லாரி வாடகைக்கு, கருவாட்டுக்கு.

வண்ணை பாலு:
ஆவின் மாட்டுத்தீவன ஆலையும் சேர்த்துத்தான் நடத்துகிறது. யாரும் சிரிக்கவில்லையே.

கல்மண்டபத்தார்:
மாட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். கடல் மீன் வலையில் விழுகிறவரை யாருடையதும் இல்லை. நான் விட்டால் பக்கத்துப் படகு அள்ளும் என்று எல்லோரும் போட்டிபோட்டு அள்ளுவதில் கடைசியில் யாருக்கும் லாபம் மிஞ்சாது என்று பொருளியலாளர் ஸ்காட் கார்டன் 1954-இல் எழுதினார். அந்த அள்ளலுக்கு நடுவே மீன் இனம் பெருக இடம் விடத்தான் தடையே. முன்பு 45 நாள், 2017-லிருந்து 61 நாள்.

காசிமேட்டு மருமகள்:
அந்த 61 நாளில் இன்னொன்றும் நடக்கிறது. மற்ற மாதத்தில் படகைப் பழுதுபார்க்க நிறுத்தினால் அத்தனை நாள் வேட்டை போகும், தடைக்காலத்தில் ஒன்றும் போகாது. அதனால் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கரையேறும். ஆசாரி கூலியும் வெல்டர் கூலியும் எகிறும். பாலு அண்ணே, அதற்கும் உச்சவிலை வைக்கலாமா?

வண்ணை பாலு:
என் மச்சான் வெல்டர். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.